மூன்று முதல் ஐந்து இலை வரை

கோவில்பட்டியில் முகூர்த்த நாளன்று ஒரு கல்யாண மண்டபத்துக்குள் யார் நுழைந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் அவர்களைப் பெண் வீட்டு ஆட்கள் என்று நினைத்துக்கொள்வார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்று நினைத்துக்கொள்வார்கள், இரண்டு தரப்பும் சேர்ந்து முதலில் சாப்பிடுங்கள் என்று கையைப் பிடித்து இழுப்பார்கள், ஆகவே எங்கோ ஒரு மலைநாட்டில் ஆகாயத்திலிருந்து விழுந்த குண்டில் செத்துப்போனவர்கள் ஒரு வைகாசி மாதக் காலையில் எங்கள் தங்கப்பாண்டி மகாலில் இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது ஊரில் ஒருவருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. சந்தேகம் வந்தது சமையல்காரர் சொரிமுத்துவுக்கு மட்டும்தான், அதுவும் அவர்கள் யார் என்பதில் இல்லை, எத்தனை பேர் என்பதில்.

அவர்கள் வந்தது மாடியிலிருந்து. மாடியில் மூன்று அறைகள். இரண்டில் பெண் வீட்டார் சீர்வரிசைச் சாமான்களை அடுக்குவார்கள், மூன்றாவதில் ஜெபராஜ் சாப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்று அவர்தான் சொல்லிக்கொள்வார், நாங்கள் பார்த்தவரை அது ஒரு ஏசி, இரண்டு மேசை, ஒரு செண்பகவல்லி. செண்பகவல்லி எங்கள் ஊர்ப் பிள்ளை, சென்னையில் ஏழெட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தவள், கீழே கெட்டிமேளம் கொட்டும்போது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வேலை பார்க்கப் பழகியவள்.

அந்த மாதம் அவளுக்கு வந்த வேலை ஒரு வெளிநாட்டுச் செய்தித் தளத்துடையது. பெரிய நாடு ஒன்று ஆளில்லாத விமானங்களை அனுப்பி அந்த மலைநாட்டின் சின்னச் சின்ன ஊர்களில் குண்டு போட்டுக்கொண்டிருந்தது, எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை பேர் என்று சில நல்ல மனிதர்கள் பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படித்துச் சேகரித்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் பொதுவில் வைத்திருந்தார்கள், அதை எடுத்து, ஒரு குண்டுக்கு ஒரு கம்பி, செத்தவர்கள் எத்தனையோ அத்தனை உயரம் என்று கம்பி கம்பியாக நிற்கும் ஒரு படமாக்கித் தரவேண்டும், அவ்வளவுதான். ரூபி என்ற கணினி மொழியில் இதற்கென்றே ஒரு புண்ணியவான் லைப்ரரி எழுதி வைத்திருந்தான். லைப்ரரி என்றால் போய் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடமில்லை, அடுத்தவன் கொதிக்க வைத்து இறக்கிய குழம்பு, நாம் சோறு மட்டும் வடித்தால் போதும் என்று செண்பகமே எங்களுக்கு விளக்கியிருக்கிறாள்.

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் புதிதாக ஒரு லைப்ரரி கைக்கு வந்ததும் முதலில் செய்வது என்னவென்றால், இருப்பதிலேயே முதல் வரியை மட்டும் கொடு என்று அதைக் கேட்டுப் பார்ப்பதுதான், சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்குவது போல. செண்பகமும் கேட்டாள். திரையில் ஓர் ஊரின் பெயர் வந்தது, ஒரு தேதி வந்தது, குல் மீர் என்று ஒரே ஓர் ஆளின் பெயர் வந்தது, இறந்தவர்கள் குறைந்தபட்சம் மூன்று என்றும் அதிகபட்சம் ஐந்து என்றும் வந்தது, குழந்தை என்ற இடத்தில் 'இருக்கலாம்' என்று வந்தது, அது வந்த கையோடு அறைக் கதவும் தட்டப்பட்டது.

வெளியே, தலையிலும் தோளிலும் சுவர்ப்புழுதி படிந்த மனிதர்கள் மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நரைக்கத் தொடங்கிய தாடியோடு ஒருவர், அவர் ஜாடையில் மூத்தவர் ஒருவர், கையில் கார்ச் சாவியோடு ஒரு டிரைவர் என்று மூன்று பேர் இருந்தார்கள், செண்பகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது நீலச் சால்வை போர்த்திய ஒரு பெண்ணும் அவள் கையைப் பிடித்தபடி ஏழு வயசு மதிக்கத்தக்க ஒரு சிறுமியும் சேர்த்து ஐந்து பேர் இருந்தார்கள், பேச வாயெடுத்தபோது பெண்ணைக் காணோம், சிறுமி மட்டும் நின்றாள். செண்பகம் திரையை ஒருமுறை பார்த்தாள், அவர்களை ஒருமுறை பார்த்தாள், தகவல் சரியாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"கல்யாண வீட்டுக்காரங்க போல, பாத்ரூம் தேடி வந்திருப்பாங்க, கீழ கூட்டிட்டுப் போ" என்றார் ஜெபராஜ், தலையை நிமிர்த்தாமல்.

மகால் மேனேஜர் வெயிலுமுத்து மாடிப்படியிலேயே அவர்களை எதிர்கொண்டார். எதிரே வருகிறவர் சாப்பிட்டாரா இல்லையா என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அறிந்துகொள்ள விரும்பாத மனிதர் அவர். "ஏன் தாயி, வந்தவங்கள நிக்க வச்சுப் பேசிட்டு இருக்க, பந்தி ஓடுது பாரு" என்று செண்பகத்தைக் கடிந்துகொண்டு, அவர்களை அழைத்துப்போய் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்.

சொரிமுத்துவின் கஷ்டகாலம் அங்கே தொடங்கியது. மூன்று பேர் என்று மூன்று இலை விரித்தால் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஐந்தாக்கினால் மூன்று பேர்தான் இருப்பார்கள், போட்ட இலையில் ஆளில்லாமல் பரிமாறத் தொடங்குவது கல்யாணத்துக்கு ஆகாது என்று அவர் அதை மடித்து எடுத்தால், வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு அந்தச் சிறுமி உட்கார்ந்திருப்பாள். "முப்பது வருஷமா பந்தி பாக்கேன், இப்படிக் கண்ணக் கட்டுற கூட்டத்தப் பாத்ததில்ல" என்று அவர் கரண்டியைத் தூக்கி அண்டாவுக்குள் போட்டார். கடைசியில், அந்த வரிசைக்கு மட்டும் எப்போதும் ஐந்து இலை, ஆள் இருந்தால் பரிமாறுவது, இல்லாவிட்டால் இலையின் ஓரத்தில் உப்பை மட்டும் வைத்துவிட்டு நகர்வது என்று முடிவாயிற்று. உப்பு வைத்த இலையை யாரும் வெற்று இலை என்று சொல்லமுடியாதே என்று வெயிலுமுத்து கண்டுபிடித்த சமாதானம் அது.

இதற்குள் மாடியில் செண்பகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை எப்படியென்றால், ஒரு புள்ளியை மாற்றுவாள், புரோகிராமை ஓட்டிப் பார்ப்பாள், ஒரு அடைப்புக்குறியை நகர்த்துவாள், ஓட்டிப் பார்ப்பாள், நிறத்தை மாற்றுவாள், ஓட்டிப் பார்ப்பாள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதல் வரியைக் கேட்பாள், கேட்ட மாத்திரத்தில் கீழே அந்த மனிதர்கள் சாம்பார் வடியும் கையோடு எழுந்து, மன்னிக்கவேண்டும் என்பதுபோல் பக்கத்து இலைக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்து, படியேறி, மிதியடியில் காலைத் துடைத்து, அவள் கதவைத் தட்டுவார்கள். தலைவலிக்கிற நாளில் அவள் நிறைய ஓட்டிப் பார்ப்பாள். ஒருநாள் வெயிலுமுத்துவே மூச்சு வாங்க மேலே வந்தார்.

"சாப்பிடுறவங்கள இப்படி எழுப்பலாமா தாயி? அந்தப் பெரியவருக்கு முட்டுவலி வேற."

செண்பகத்துக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. ஒருமுறை வந்த பதிலைத் தன் கம்ப்யூட்டரிலேயே பத்திரப்படுத்திக்கொண்டு, மறுபடி கேட்டால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி நாலு வரி எழுதிச் சேர்த்தாள். இதை அந்தத் தொழிலில் எல்லோரும் வேகத்துக்காகச் செய்வார்கள், ஒரு பெரியவரின் முழங்காலுக்காகச் செய்தவள் எங்கள் ஊர்க்காரி ஒருத்திதான். அதன் பிறகு அவர்கள் ஏறி இறங்க வேண்டியிருக்கவில்லை, கல்யாணமில்லாத நாட்களில் மணமகள் அறையில் தங்கிக்கொண்டார்கள், கல்யாண நாட்களில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஊர் எதையும் பழகிக்கொள்ளும். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ எதை எடுத்துப் பார்த்தாலும், தாலி கட்டும்போது பின்னால் அந்த மூன்று ஆண்களும் நின்று அட்சதை போடுவதும், நீலச் சால்வை ஒன்று வந்து வந்து மறைவதும் தெரியும், அவர்கள் வராத கல்யாணத்தில் ஏதோ குறை என்று பேசும் அளவுக்குக் காரியம் முற்றியது. தாடிக்காரரான குல் மீர், மீர் அண்ணாச்சி ஆனார். மண்டபத்தில் காதில் விழுந்ததை வைத்துத்தான் அவர் தமிழ் கற்றுக்கொண்டார், ஆகவே சாப்பிட்டாச்சா, எப்ப வந்தீங்க, இருந்துட்டுப் போகலாமே, பிள்ளைங்க சுகமா என்பவை மட்டும் அவர் வாயில் சுத்தமாக வரும். அவருடைய மகளான அந்தச் சிறுமியை வெயிலுமுத்து தெற்கு பஜார் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே டீச்சர் பெயர் கூப்பிடும்போது அவள் இருப்பாள், உள்ளேன் என்று சொல்லி முடிப்பதற்குள் இருக்கமாட்டாள், கணக்கு வகுப்பின் நடுவில் திரும்பவும் இருப்பாள், எல்லாப் பிள்ளைகளும் பொறாமைப்பட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் சங்கடம் வந்தது. இப்போதெல்லாம் வீடியோக்காரர்கள் மாப்பிள்ளை ஊர்வலத்தை மேலிருந்து படம் பிடிக்க ஒரு டிரோன் கேமராவைப் பறக்கவிடுகிறார்கள் இல்லையா, ஆடி கழிந்த முதல் முகூர்த்தத்தில் அப்படி ஒன்று ரீங்காரம் போட்டுக்கொண்டு மண்டப வாசலுக்கு மேல் எழும்பியபோது, மீர் அண்ணாச்சியும் அவர் அண்ணனும் டிரைவரும் நடந்துகொண்டிருந்த பந்தியைத் தாண்டி ஓடி மணமேடைக்கு அடியில் புகுந்துகொண்டார்கள், சிறுமி மட்டும் வாசலிலேயே நின்று காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையே மாலையோடு குனிந்து, அது வெறும் கேமராதான், வெளியே வாங்க என்று கெஞ்சவேண்டியதாயிற்று. மறுநாள் வெயிலுமுத்து, காலணிகளை வெளியே விடவும் என்ற போர்டுக்குக் கீழே இன்னொரு போர்டு மாட்டினார்: ஆகாயத்திலிருந்து படம் எடுக்க அனுமதி இல்லை. கொஞ்ச நாளில் மற்ற மண்டபங்களும் அதைப் பார்த்து மாட்டிவிட்டன, காரணம் கேட்டால் அது இந்த ஊர் வழக்கம் என்றார்கள்.

போர்டு மாட்டிய அன்றைக்குத்தான் வெயிலுமுத்து செண்பகத்திடம் கேட்டார். "இவங்க உன் கம்ப்யூட்டர்ல முதல் வரின்னு சொன்னியே, அதுக்குக் கீழ இன்னும் வரி இருக்கா?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பிக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு உட்கார்ந்து பார்த்தார், பிறகு கீழே இறங்கிப்போய்ப் பெரிய அண்டாக்களையெல்லாம் ஈயம் பூசக் கொடுத்தார்.

இந்த நிலையில்தான் செய்தித் தளத்துக்காரர்களிடமிருந்து ஜெபராஜுக்குப் போன் வந்தது. படம் நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று முதல் ஐந்து என்றெல்லாம் இருந்தால் வாசிப்பவர்கள் குழம்புவார்கள், ஒவ்வொரு கம்பிக்கும் ஒரே ஒரு எண் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்கள். ஜெபராஜ் கெட்டவர் இல்லை, சண்டைக்குப் பயந்தவர். "குறைஞ்சபட்சத்தப் போட்டுரு செண்பகம். ஒருத்தனும் நம்மள மிகைப்படுத்துறான்னு சொல்லமாட்டான்" என்றார்.

அது ஒரே ஒரு வரி வேலை. எழுதினாள், ஓட்டினாள், கீழே ஒரு கூச்சல் கேட்டது. மதியப் பந்தி நடந்துகொண்டிருந்தது. நீலச் சால்வைத் தாய் மகளுக்கு அப்பளத்தை நொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேரும் அப்படியே இல்லாமல் போனார்கள், சிறுமியின் இலையில் கடித்த அப்பளம் கிடந்தது. வழக்கமாக அவர்கள் மறைந்தால் ரசம் வருவதற்குள் திரும்பிவிடுவார்கள். ரசம் வந்தது, மோர் வந்தது, மற்றவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள், இலை எடுப்பவள் வந்தாள், அவர்கள் வரவில்லை. மீர் அண்ணாச்சி இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. செண்பகம் படியில் தடதடவென்று இறங்கி வந்து அவர் முகத்தைப் பார்த்தாள், அதே வேகத்தில் மேலே ஓடி அந்த வரியை அழித்தாள். தாயும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குள் இலையை எடுத்துவிட்டிருந்தார்கள், அப்பளத்தைக் காணோமென்று பிள்ளை அழுதது.

விஷயம் அரை மணியில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்திலேயே நாங்கள் ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டோம், கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாதி, வேடிக்கைக்கு வந்தவர்கள் பாதி. சொரிமுத்து கரண்டியோடு வந்திருந்தார்.

"இதுல என்ன யோசனை? அஞ்சுன்னு போடு தாயி" என்றார் வெயிலுமுத்து. "பிள்ளை நம்ம கண்ணு முன்னால நிலையா இருக்கட்டும். சொரிமுத்துவுக்கும் நிம்மதி."

எல்லோரும் அதையே சொன்னோம். ஐந்து, ஐந்து என்று கூடம் முழுக்கச் சத்தம் எழுந்தது, சிறுமியே கூடச் சேர்ந்து ஐந்து என்று கத்தினாள். செண்பகம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, அது சாப்பிட வந்தவங்க கணக்கு இல்ல. செத்தவங்க கணக்கு" என்றாள் வெயிலுமுத்துவிடம். "அஞ்சுன்னு போட்டா இந்தப் பிள்ளை செத்துப்போனது உறுதின்னு அர்த்தம்."

சொரிமுத்துதான் மெதுவாகக் கேட்டார். "அப்ப மூணுன்னு போட்டா?"

"மூணுன்னா அன்னைக்கு இவங்க ரெண்டு பேரும் அந்த வீட்டுலயே இல்ல. எங்கயோ உயிரோட இருக்காங்க. இங்க வரமாட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "இல்லேன்னா, செத்தும் யாரும் கணக்குல சேக்கலன்னு அர்த்தம். ரெண்டுல எதுன்னு அந்த வரியில இல்ல."

உடனே எங்களில் ஒரு புத்திசாலி, வேறு யார், நகைக்கடைத் தணிகாசலம், பிள்ளையிடமே கேட்டுவிடலாமே என்றார். கேட்டோம். அன்னைக்கு நீ வீட்டுல இருந்தியா பாப்பா என்று கேட்டோம். இருந்தேன் என்றாள். சொல்லிவிட்டு மறைந்தாள். திரும்பி வந்ததும் மறுபடி கேட்டோம். அத்தை வீட்டில் இருந்தேன், அத்தை கொழுக்கட்டை மாதிரி ஒன்று செய்து கொடுத்தாள், அதில் இனிப்புப் போதவில்லை என்றாள். தாயிடம் கேட்டோம், அவள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து அவள் இல்லை.

அப்போது மீர் அண்ணாச்சி எழுந்து நின்றார். விருந்து உபசாரத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு அவர் அன்று எப்படித்தான் அவ்வளவு பேசினாரோ தெரியாது, ஆனால் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

"காலையில ரெண்டு பேரும் அத்தை வீட்டுக்குப் போனாங்க" என்றார். "அண்ணன் வந்தார். டிரைவர் வந்தார். எப்ப வந்தீங்க, சாப்பிட்டாச்சான்னு கேட்டேன். டீ ஊத்தினேன். வாசலுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தேன். மேல சத்தம். அது எப்பவும் உள்ள சத்தம்தான். அப்ப பின்னால கதவு சத்தம் கேட்டுச்சு. காத்தா இருக்கலாம். அவங்களா இருக்கலாம். திரும்பல. கையில டீ இருந்துச்சு."

எங்களில் பாதிப் பேர் அழுதோம், வெயிலுமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மீர் அண்ணாச்சி செண்பகத்தின் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் போடாம விட்டா?"

"இப்ப மாதிரியே இருக்கும் அண்ணாச்சி. வரும், போகும்."

அவர் பக்கத்தில் பார்த்தார். அந்த நிமிஷம் அங்கே பிள்ளை இல்லை.

"அப்படியே விடு" என்றார். "அது என் பக்கத்துல இல்லாத நேரமெல்லாம் அத்தை வீட்டுல இருக்குன்னு நான் நினைச்சுக்குவேன்."

செண்பகம் மேலே போனாள், ஒவ்வொரு கம்பியின் நுனியையும் குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவில் மங்கலாக நடுங்கும்படி எழுதினாள், ஜெபராஜ் அதை அனுப்பிவைத்தார். வெள்ளிக்கிழமை போன் வந்தது, கம்பியின் நுனி நடுங்குகிறதே, கோளாறா என்று கேட்டார்கள். வாழ்க்கையில் ஒருவரையும் எதிர்த்துப் பேசாத ஜெபராஜ், போனைக் காதில் வைத்தபடி ஜன்னல் வழியாகக் கீழே பந்தியைப் பார்த்துவிட்டு, கோளாறு இல்லை, அது அப்படித்தான், குழம்புகிறவர்கள் குழம்பட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். என்ன நினைத்தார்களோ, அவர்களும் அப்படியே வெளியிட்டுவிட்டார்கள்.

ஈயம் பூசி வந்த அண்டாக்களுக்கு வேலை வரவில்லை, ஏனென்றால் மற்ற வரிகளில் இருந்தவர்கள் எங்கள் ஊருக்கு வரவில்லை. அந்தப் படத்தை யார் யார் திறந்து பார்த்தார்களோ அவரவர் வீட்டு வாசலில் போய் நின்று மிதியடியில் காலைத் துடைத்தார்கள் என்று கேள்வி. அந்த நாடுகளில் இருவர் சாப்பிட்டால் இருவருக்குத்தான் சமைப்பார்களாம், ஆறு முதல் பதினொன்று பேர் வந்து நின்றால் பாவம் என்ன செய்திருப்பார்கள் என்று வெயிலுமுத்து இன்றும் கவலைப்படுகிறார். செண்பகத்தின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்ததால் மீர் அண்ணாச்சியின் குடும்பம் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

முன்பெல்லாம் அந்தப் பிள்ளை பந்தியிலிருந்து மறைந்தால் நாங்கள் உச்சுக்கொட்டுவோம், அவள் வந்து உட்கார்ந்தால்தான் எங்களுக்கு மூச்சு வரும். இப்போது எதற்குச் சந்தோஷப்படுவது என்று எங்களுக்கே தெரிவதில்லை, வந்தால் கன்னத்தைக் கிள்ளுகிறோம், வராவிட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிடுகிறோம்.

போன தை மாதம் ஒரு பெரிய கல்யாணம். அன்று காலை டிபனுக்கும் பிள்ளை வரவில்லை, தாலி கட்டும்போதும் வரவில்லை, மதியச் சாப்பாடு போட்டாயிற்று, அப்போதும் வரவில்லை. அவ்வளவு நேரம் அவள் வராமல் இருந்தது அதுவே முதல் தடவை. மதுரையிலிருந்து பரிமாற வந்திருந்த புதுப் பையன் ஒருவன் விஷயம் தெரியாமல், உப்பு மட்டும் வைத்திருந்த இலையின் முன்னால் வாளியோடு நின்று, "இங்க ஆள் வருதா சார்?" என்று கேட்டான். மீர் அண்ணாச்சி தன் வலது கையை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, இடது கையால் அந்த இலையை மெதுவாக மேல்பக்கமிருந்து தன் பக்கமாக மடித்து மூடினார், பிறகு ஒரு தகப்பனுக்குரிய பெருமையோடு அந்தப் பையனை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல தம்பி, பிள்ளை அத்தை வீட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.